லாக் வரைபடம்: திசையை மனப்பாடம் செய்யாமல் வரைவது எப்படி

மலேசியப் பள்ளியின் படிவம் 4 ஆட் மேத்ஸில், அதாவது கூடுதல் கணிதத்தில், லாக் விதிகளை நன்றாகவே ஒப்பிக்கும் மாணவர்கள்கூட, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்புகளின் பக்கம் போனதும் ஒரு சின்ன இடத்தில் இடறுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் எக்ஸ் + 4 என்று இருந்தால் படம் வலப்பக்கம் போகுமா, இடப்பக்கம் போகுமா? “கூட்டல் என்றால் இடம், கழித்தல் என்றால் வலம், உள்ளே தலைகீழ், வெளியே நேர்” என்று எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். எக்ஸுக்கு முன்னால் ஓர் எண் வந்து உட்கார்ந்ததும் அந்த மனப்பாடம் கைவிட்டுவிடுகிறது.

மனப்பாடம் தேவையில்லை. அடைப்புக்குள் இருப்பது எப்போது 0 ஆகும், எப்போது 1 ஆகும், எப்போது அடிமானம் ஆகும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும், படம் தானாக வந்து விழும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

முதலில் சொற்கள். லாக் என்பதைத் தமிழில் மடக்கை என்பார்கள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கே லாக்தான். லாக்கின் கீழே சிறிதாக எழுதும் எண் அடிமானம், மலாய்ப் பாடநூலில் அசாஸ். அடிமானத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் உள்ளே இருக்கும் எண் வருமோ, அந்த அடுக்குதான் லாக். வளைகோடு நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடு அணுகுகோடு, மலாயில் அசிம்தோத். தொலைத்தொடுகோடு என்ற பெயரும் உண்டு. எக்ஸ் எடுக்கக்கூடிய மதிப்புகள் சார்பகம், மலாயில் டொமேன். ஒய் எடுக்கும் மதிப்புகள் வீச்சகம், அதாவது ஜூலாட். அச்சு பக்ஸி, வெட்டுப்புள்ளி பிந்தாசான். வினாத்தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் வரும் என்பதால் இந்த இணைகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இங்கே எக்ஸ், ஒய் என்று எழுத்தில் எழுதியிருப்பதை உங்கள் தாளில் வழக்கமான குறியீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வினாவில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். “லாகார்” என்றால் உருவம், அணுகுகோடு, வெட்டுப்புள்ளிகள் தெரிந்தால் போதும், வெறுந்தாளில் கையால் போடலாம். “லூகிஸ்” என்றால் வரைபடத்தாள், அளவுத்திட்டம், அட்டவணை எல்லாம் வேண்டும். லாகார் கேட்ட இடத்தில் லூகிஸ் செய்து அரைமணி நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

அடிப்படைப் படம்: ஒருமுறையாவது கையால் போடுங்கள்

எந்த மாற்றத்தையும் தொடுவதற்கு முன் ஒய் = லாக்₂ எக்ஸ் படத்தை ஒரு தடவை ஒழுங்காக வரைய வேண்டும். பள்ளி கோப்பராசியில், அதாவது கூட்டுறவுக் கடையில், விற்கும் சாதாரண வரைபடத்தாள் போதும். பெரிய கட்டம் 2 செ.மீ., சின்னக் கட்டம் 2 மி.மீ. இரண்டு அச்சுக்கும் 2 செ.மீ.க்கு 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை போடும்போது எக்ஸுக்கு 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக எண் கொடுக்காதீர்கள். 3க்கும் 5க்கும் தசமம் வரும். அதைவிட மோசம், படத்தின் முக்கியமான பகுதி 0க்கும் 1க்கும் நடுவில் இருக்கிறது, அங்கே ஒரு புள்ளிகூட விழாது. தலைகீழாகச் செய்யுங்கள். ஒய்யை முதலில் −3 முதல் 3 வரை எழுதிவிட்டு, 2இன் அடுக்காக எக்ஸைக் கண்டுபிடியுங்கள்:

ஒய் = −3, எக்ஸ் = 1/8
ஒய் = −2, எக்ஸ் = 1/4
ஒய் = −1, எக்ஸ் = 1/2
ஒய் = 0, எக்ஸ் = 1
ஒய் = 1, எக்ஸ் = 2
ஒய் = 2, எக்ஸ் = 4
ஒய் = 3, எக்ஸ் = 8

கால்குலேட்டரே தேவைப்படவில்லை. இப்போது தாளைப் பாருங்கள். 1/8இலிருந்து 1 வரை அகலம் 1.75 செ.மீ.தான், அதற்குள் வளைகோடு 6 செ.மீ. ஏறிவிடுகிறது. 1இலிருந்து 8 வரை அகலம் 14 செ.மீ., அங்கேயும் ஏறுவது அதே 6 செ.மீ. லாக் படத்தின் குணம் முழுக்க இந்த இரண்டு வரியில் இருக்கிறது. இடப்பக்கம் செங்குத்தாக விழுகிறது, வலப்பக்கம் சோம்பலாக ஏறுகிறது.

சோம்பல் என்றாலும் நிற்பதில்லை. வலது முனையைப் படுக்கைக்கோடாக நீட்டி, மேலே ஒரு கூரை இருப்பதுபோல வரைவது பரவலான பிழை. ஒய் 10 ஆக வேண்டுமானால் எக்ஸ் 1024 ஆக வேண்டும். நம் அளவுத்திட்டத்தில் உயரம் வெறும் 20 செ.மீ., ஆனால் தாளின் அகலம் 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே கோட்டின் முனை எப்போதும் லேசாக மேல்நோக்கியே இருக்க வேண்டும்.

இடது முனையில் வேறு சிக்கல். எக்ஸ் = 1/16 என்பது அச்சிலிருந்து 1.25 மி.மீ. தள்ளி இருக்கும். எக்ஸ் = 1/64 ஆனால் 0.3 மி.மீ., அதாவது 0.5 பென்சில் போடும் கோட்டைவிட மெலிசு. அதற்குமேல் வளைகோடும் ஒய் அச்சும் ஒன்றாகத் தெரியும். ஆனால் தொடவில்லை, வெட்டவுமில்லை. 2ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 0 வராது, எதிர்ம எண்ணும் வராது. அதனால் எக்ஸ் = 0 என்ற கோடு இந்தப் படத்துக்கு அணுகுகோடு. கோட்டைக் கீழே கொண்டுவரும்போது கை தானாக வெளிப்பக்கம் வளைந்து தூண்டில்முள் மாதிரி ஆகிவிடும், அதைக் கட்டுப்படுத்துங்கள். வளையும் ரூலர், அதான் பெம்பாரிஸ் ஃபிளெக்சிபெல், வைத்திருப்பவர்கள் 1/2க்கும் 1க்கும் நடுவில் 3/4 போல ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். லாக்₂ 0.75 = −0.415. அந்த வளைவில்தான் ரூலர் விறைத்துக்கொண்டு புள்ளியை விட்டு விலகும்.

அடைப்பிடம் கேட்கும் மூன்று கேள்வி

அடிப்படைப் படத்தில் மூன்று விஷயங்கள்தான் நிலையானவை. உள்ளே 0 என்றால் அணுகுகோடு. உள்ளே 1 என்றால் லாக் 0. உள்ளே அடிமானமே இருந்தால் லாக் 1. எக்ஸோடு என்ன சேர்த்தாலும், எதால் பெருக்கினாலும் இந்த மூன்றும் மாறாது, ஏனென்றால் லாக்குக்கு எக்ஸைத் தெரியாது. தனக்குள் வந்து விழும் எண்ணை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஒய் = லாக்₂ (எக்ஸ் − 3) + 1 எடுத்துக்கொள்வோம்.

எக்ஸ் − 3 = 0 என்றால் எக்ஸ் = 3. அங்கே செங்குத்தாகப் புள்ளிக்கோடு போடுங்கள். அணுகுகோடு முடிந்தது, சார்பகமும் முடிந்தது: எக்ஸ் > 3.

எக்ஸ் − 3 = 1 என்றால் எக்ஸ் = 4. லாக் 0, வெளியே +1 இருக்கிறது, ஆகவே ஒய் = 1. புள்ளி (4, 1).

எக்ஸ் − 3 = 2 என்றால் எக்ஸ் = 5. லாக் 1, கூட்டினால் ஒய் = 2. புள்ளி (5, 2).

இன்னும் இரண்டு புள்ளி வேண்டுமென்றால் உள்ளே 4ம் 1/2ம் வைத்துப் பாருங்கள்: (7, 3), (3.5, 0). இரண்டாவது புள்ளி எக்ஸ் அச்சிலேயே விழுந்துவிட்டது, வெட்டுப்புள்ளிக்குத் தனிக் கணக்கு மிச்சம். ஒய் அச்சை இந்தப் படம் வெட்டாது. எக்ஸுக்கு 0 போட்டால் உள்ளே −3, அதற்கு லாக் கிடையாது. “ஒய் பிந்தாசான் இல்லை” என்று எழுதிவிடுங்கள், காலியாக விட்டால் மறந்துவிட்டதாக நினைப்பார்கள்.

−3 ஏன் வலப்பக்கம் தள்ளுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். உள்ளே நுழையும்போதே 3 ரிங்கிட் பிடித்துக்கொள்ளும் இடம் அது. கையில் 1 ரிங்கிட் மிஞ்ச வேண்டுமானால் 4 ரிங்கிட்டோடு போக வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் 3 அலகு தள்ளித்தான் கிடைக்கும். வெளியே இருக்கும் +1க்கு இந்தச் சுற்று எதுவும் இல்லை. லாக் விடை வந்த பிறகு 1 சேர்கிறது, படம் 1 ஏறுகிறது, அவ்வளவுதான்.

லாக்குக்கு முன்னால் எண் வந்தால்

இனி முழுக் கணக்கு ஒன்று. ஒய் = −2 லாக்₃ (எக்ஸ் + 4) + 1.

1. உள்ளே 0: எக்ஸ் = −4. புள்ளிக்கோடு. எக்ஸுக்கு முன்னால் கழித்தல் இல்லை, ஆகவே படம் கோட்டின் வலப்பக்கம். சார்பகம் எக்ஸ் > −4.
2. உள்ளே 1: எக்ஸ் = −3. லாக் 0, −2ஆல் பெருக்கினாலும் 0, 1 கூட்டினால் 1. புள்ளி (−3, 1).
3. உள்ளே 3: எக்ஸ் = −1. லாக் 1, பெருக்க −2, கூட்ட −1. புள்ளி (−1, −1).
4. உள்ளே 9: எக்ஸ் = 5. லாக் 2, பெருக்க −4, கூட்ட −3. புள்ளி (5, −3).
5. உள்ளே 1/3: எக்ஸ் = −3.67. லாக் −1, பெருக்க 2, கூட்ட 3. புள்ளி (−3.67, 3).
6. ஒய் அச்சு: எக்ஸ் = 0 என்றால் உள்ளே 4. லாக்₃ 4 = 1.262. பெருக்கிக் கூட்டினால் −1.52.
7. எக்ஸ் அச்சு: ஒய் = 0 என்றால் லாக் 1/2 ஆக வேண்டும், உள்ளே 3இன் வர்க்கமூலம் 1.732, எக்ஸ் = −2.27.

இரண்டு வெட்டுப்புள்ளியும் மற்றப் புள்ளிகளுக்கு நடுவில் பொருந்துகிறதா என்று பாருங்கள். −3இல் உயரம் 1, −1இல் −1, ஆகவே அச்சை வெட்டுவது அவற்றுக்கு இடையில்தான் இருக்க வேண்டும். −2.27 சரி. இந்த ஒரு பார்வை தப்பான குறியைப் பத்தில் எட்டு முறை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் படம் அணுகுகோட்டின் அருகே மேலேயிருந்து விழுந்து வலப்பக்கம் மெல்ல இறங்குகிறது. லாக்குக்கு முன்னால் இருக்கும் கழித்தல் அதைக் கவிழ்த்துவிட்டது. 2 என்ன செய்தது? ஒவ்வொரு லாக் விடையையும் இரட்டித்து உயரவாக்கில் நீட்டியது. லாக் 0 ஆகும் புள்ளியை அது அசைக்கவில்லை, 0ஐ இரட்டித்தாலும் 0. அந்தப் புள்ளியை நகர்த்துவது வெளியே இருக்கும் +1 மட்டுமே.

வரிசை இங்கே முக்கியம். பெருக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். முதலில் 1 ஏற்றிவிட்டுப் பிறகு −2ஆல் பெருக்குபவர்களுக்கு (−3, 1) என்பது (−3, −2) ஆகிவிடும், படம் முழுவதும் 3 அலகு கீழே போய்விடும். உருவம் சரியாகவே இருக்கும் என்பதால் தப்பு கண்ணில் படாது, வெட்டுப்புள்ளி மட்டும் இடிக்கும். “நகர்த்து, நீட்டு, கவிழ்” என்று எந்த வரிசையில் செய்வதென்று குழம்ப வேண்டாம். ஒய் பக்கத்துக்கு, கால்குலேட்டர் எந்த வரிசையில் கணக்குப் போடுமோ அதே வரிசைதான்: லாக், பெருக்கல், கூட்டல்.

எக்ஸுக்கு முன்னால் எண் வந்தால்

மனப்பாடக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ஒய் = லாக்₂ (6 − 2எக்ஸ்). “6 இருக்கிறது, ஆகவே 6 நகர்த்து, 2 இருக்கிறது, ஆகவே பாதியாகச் சுருக்கு, கழித்தல் இருக்கிறது, ஆகவே புரட்டு” என்று மூன்றையும் ஏதோ ஒரு வரிசையில் செய்தால், அணுகுகோடு 6இலோ −6இலோ −3இலோ போய் நிற்கும். அடைப்பைக் கேளுங்கள்.

6 − 2எக்ஸ் = 0, எக்ஸ் = 3. அணுகுகோடு.
6 − 2எக்ஸ் = 1, எக்ஸ் = 2.5, ஒய் = 0.
6 − 2எக்ஸ் = 2, எக்ஸ் = 2, ஒய் = 1.
6 − 2எக்ஸ் = 4, எக்ஸ் = 1, ஒய் = 2.
6 − 2எக்ஸ் = 8, எக்ஸ் = −1, ஒய் = 3.

புள்ளிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, ஆகவே சார்பகம் எக்ஸ் < 3. எக்ஸுக்கு முன்னால் கழித்தல் இருந்தால் படம் அணுகுகோட்டின் இடப்பக்கம் நிற்கும். லாக்குக்கு முன்னால் கழித்தல் இருந்தால் அணுகுகோட்டருகே மேலே போகும், இல்லாவிட்டால் கீழே போகும். இந்த இரண்டு குறியைப் பார்த்தாலே நான்கு உருவத்தில் எது என்று வரைவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அடிமானம் 1ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை இது பொருந்தும். அடிமானம் 1/2 போலச் சின்னதாக இருந்தால் படம் ஒருமுறை கவிழும், ஏனென்றால் லாக்₁⸝₂ எக்ஸ் என்பது −லாக்₂ எக்ஸ்தான்.

நகர்த்திக் காட்டும்படி வினா கேட்டால் காரணிப்படுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். 6 − 2எக்ஸ் = −2(எக்ஸ் − 3). நகர்வு 3, 6 அல்ல. எக்ஸைத் தனியாக விட்ட பிறகு அதன் பக்கத்தில் நிற்கும் எண்தான் நகர்வு.

லாக்கில் மட்டும் நடக்கும் வித்தை

லாக்₂ (4 எக்ஸ்) படத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். அகலவாக்கில் கால்பங்காகச் சுருக்கியது என்று ஒருவர் சொல்வார். லாக் விதிப்படி அது 2 + லாக்₂ எக்ஸ், ஆகவே 2 அலகு ஏற்றியது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரி, இரண்டும் ஒரே படம். சுருக்கியவர் (1, 0) என்ற புள்ளியை (1/4, 0)க்குக் கொண்டுபோனார். ஏற்றியவர் அதே புள்ளியை (1, 2)க்குக் கொண்டுபோனார். இரண்டு புள்ளியும் அதே வளைகோட்டின் மேலேதான் இருக்கின்றன, போட்டுப் பாருங்கள். பரவளைவிலோ சைன் வளைவிலோ இப்படிச் செய்ய முடியாது.

இது வெறும் தாள் விளையாட்டு இல்லை. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஓர் உருமி மேளக் குழு அடிக்கிறது, பக்கத்தில் அதே வலுவில் இன்னொரு குழு சேர்ந்துகொள்கிறது என்று வையுங்கள். ஒலியின் செறிவு இரட்டிக்கிறது. டெசிபல் இரட்டிக்குமா? டெசிபல் கணக்கு 10 லாக்₁₀ (செறிவு ÷ அடிப்படைச் செறிவு). உள்ளே 2ஆல் பெருக்கினால் வெளியே 10 × 0.301, அதாவது 3 டெசிபல்தான் கூடும். ஒரு குழு 90 என்றால் இரண்டு குழு 93. பத்துக் குழு சேர்ந்தால்தான் 100. உள்ளே பெருக்கல், வெளியே கூட்டல். முன்னால் இருக்கும் 10 உயரவாக்கு நீட்டல். வேதியியலில் வரும் பி.எச். கணக்கில் லாக்குக்கு முன்னால் கழித்தல் இருக்கிறது, அதனால்தான் அமிலம் கூடக்கூட எண் குறைகிறது. அதுவும் கவிழ்த்த லாக் படமே.

அடிமானம் மாறுவதும் இதைப் போலத்தான். லாக்₂ எக்ஸ் = லாக்₁₀ எக்ஸ் ÷ லாக்₁₀ 2, அதாவது 3.32 × லாக்₁₀ எக்ஸ். அடிமானம் 2 படம் என்பது அடிமானம் 10 படத்தை உயரவாக்கில் 3.32 மடங்கு நீட்டியது. இயல் லாக், அதாவது அடிமானம் ஏறத்தாழ 2.718 உள்ளது, 2.30 மடங்கு நீட்டியது. ஆக மொத்தத்தில் உலகத்தில் ஒரே ஒரு லாக் படம்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதை நீட்டியும் நகர்த்தியும் புரட்டியும் பெற்றவை.

விதியை அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் மட்டும் படம் பாதி காணாமல் போகும். லாக்₂ (எக்ஸ்²) என்பதை 2 லாக்₂ எக்ஸ் என்று மாற்றிவிட்டு வலப்பக்கம் மட்டும் வரைந்துவிடுவார்கள். எக்ஸ் = −4 போட்டுப் பாருங்கள், உள்ளே 16, விடை 4, ஒழுங்காக இருக்கிறது. மூலக் கேள்விக்கு ஒய் அச்சின் இருபக்கமும் கிளை உண்டு, மாற்றிய கேள்விக்கு ஒரு பக்கம்தான். சுருக்குவதற்கு முன்பே சார்பகத்தை எழுதிவிட்டால் இந்த வலையில் விழ மாட்டீர்கள்.

கருவிகள் ஏமாற்றும் இடங்கள்

கால்குலேட்டரில் “லாக்” பொத்தான் அடிமானம் 10. பழைய காசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ் போன்றவற்றில் வேறு அடிமானம் கொடுக்க இடமில்லை, வகுத்துத்தான் எடுக்க வேண்டும். லாக்₃ 4 வேண்டுமானால் லாக் 4 ஐ லாக் 3 ஆல் வகுக்க வேண்டும், விடை 1.262. அடைப்பை மூடாமல் லாக் (4 ÷ 3) என்று தட்டினால் 0.125 வரும். லாக்₃ 4 என்பதில் உள்ளே 4 இருக்கிறது, அது அடிமானமான 3ஐவிடப் பெரியது, ஆகவே விடை 1க்கு மேல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஓடினால் 0.125ஐ நம்ப மாட்டீர்கள். “மேத் எரர்” என்று திரையில் வந்தால் கால்குலேட்டரைத் தட்ட வேண்டாம், பெரும்பாலும் அடைப்புக்குள் 0 அல்லது எதிர்ம எண் விழுந்திருக்கும். நீங்கள் எடுத்த எக்ஸ் சார்பகத்துக்கு வெளியே இருக்கிறது.

வரைபடம் போட்டுத் தரும் டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா செயலிகள் இரண்டும் சரிபார்க்க அருமையானவை. ஆனால் அணுகுகோட்டருகே அவற்றின் படம் ஏதோ ஓர் உயரத்தில் அறுந்து நிற்பதுபோலத் தெரியலாம். திரையின் புள்ளிகளுக்கு இடையில் அதற்குமேல் வரைய இடமில்லை, அதனால்தான். அதைப் பார்த்து முனையில் ஒரு குண்டுப் புள்ளி வைத்து முடித்துவிடாதீர்கள். அணுகுகோட்டையும் அவை தாமாகப் போட்டுத் தருவதில்லை, தாளில் நீங்கள்தான் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் எக்ஸ் = 3 என்று எழுத வேண்டும். வெறும் 3 என்று எழுதினால் அது கோட்டின் சமன்பாடு ஆகாது.

எதிர்ம எண்ணையும் நேர்ம எண்ணாக்கும் மட்டுமதிப்புக் குறி | | வந்தால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறி முழு லாக்கையும் சுற்றியிருந்தால் எக்ஸ் அச்சுக்குக் கீழே உள்ள பகுதியை மேலே மடியுங்கள், அடிப்படைப் படத்தில் (1, 0)இல் கூர்முனை வரும். எக்ஸை மட்டும் சுற்றியிருந்தால் வலப்பக்கப் படத்தை ஒய் அச்சுக்கு இடப்பக்கமும் கண்ணாடிபோலப் போடுங்கள்.

படத்திலிருந்து சமன்பாடு

தலைகீழ்க் கேள்வியும் வரும். அணுகுகோடு எக்ஸ் = −2, படம் (−1, 3), (2, 7) வழியே போகிறது, சமன்பாடு என்ன? அணுகுகோட்டிலிருந்து தொடங்குங்கள். உள்ளே எக்ஸ் + 2. எக்ஸ் = −1 என்றால் உள்ளே 1, லாக் 0, ஆகவே அங்கே இருக்கும் உயரம் 3 முழுக்க வெளியே இருக்கும் கூட்டல் எண். எக்ஸ் = 2 என்றால் உள்ளே 4. உயரம் 7, அதில் 3 போக 4. அடிமானம் 2 என்று எடுத்தால் லாக்₂ 4 = 2, முன்னால் இருக்கும் எண் 2. விடை ஒய் = 2 லாக்₂ (எக்ஸ் + 2) + 3.

பக்கத்தில் இருப்பவர் அடிமானம் 4 எடுத்து, ஒய் = 4 லாக்₄ (எக்ஸ் + 2) + 3 என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். வினா அடிமானத்தைச் சொல்லவில்லை என்றால் இரண்டும் சரி. எக்ஸ் = 6 போட்டு உறுதிசெய்துகொள்ளலாம். உள்ளே 8. உங்களுடையது 2 × 3 + 3 = 9. அவருடையது 4 × 1.5 + 3, அதுவும் 9.